கலத்துக்குத் தான் யார் என்பது எப்படி நினைவிருக்கிறது? குரோமற்றின் புரதங்கள் பற்றி ஒரு மாணவியின் கேள்வி

விசுவமடு ரீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறன். குருத்துக்கலங்கள் (வேறு வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய கலங்கள்) பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க ஒரு பிள்ளை கேட்ட கேள்வி ஒரு கிழமையா என்னை விடுகுதில்லை.

அவவின்ர அப்பாவுக்கு 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனது. இந்தப் பக்கத்தில் இது புதினமில்லை, என்ர ஒவ்வொரு வகுப்பிலயும் அப்பிடி ஒரு வீடாவது இருக்கும். அவ கேட்டது: "மிஸ், பல்லிக்கு வால் முளைக்குது. அப்பாவின்ர தொடையில இருக்கிற கலத்திலயும் கால் செய்யிற பரம்பரையலகு எல்லாம் இருக்குத்தானே. பிறகேன் முளைக்கேல்ல?"

முளையத்தில் வேலை செய்த அந்தப் பரம்பரையலகுகள் பிறகு நிறுத்தப்பட்டுவிடும் எண்டு சொன்னன். உடனே அடுத்தது வந்தது: "ஆர் நிப்பாட்டினது? இவ்வளவு வருசமா, கலம் பிரிஞ்சு பிரிஞ்சு போகேக்கயும் எப்பிடி அது நிப்பாட்டினபடியே நிக்குது?"

பாடப்புத்தகத்தில் இதுக்கு மேல இல்லை. தேடி வாசிச்சதில குரோமற்றினை (டிஎன்ஏயும் அது சுற்றியிருக்கிற புரதங்களும் சேர்ந்தது) மாற்றுகிற புரதங்கள் எண்டு ஒரு பெரிய கூட்டம் இருக்கு எண்டு விளங்குது. ஆனா ஒரு இடத்தில "குருத்துக்கலம் என்னவாகும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன" எண்டு கிடக்கு, இன்னொரு இடத்தில "ஏற்கெனவே எடுத்த தீர்மானத்தைக் காப்பாற்றுகின்றன" எண்டு கிடக்கு. இரண்டும் ஒண்டில்லையே. எது சரி?

உவமை வேண்டாம். பூட்டு, திறப்பு, நூலகம் எண்டு சொல்லிக் குடுத்தா பிள்ளையள் அதையே கட்டுரை வினாவில எழுதிப்போட்டு வருவினம். நடக்கிறதை நடக்கிறபடி சொல்லுங்கோ.

இன்னொண்டும் சொல்ல வேணும். வெளிநாட்டில குருத்துக்கல ஊசி போட்டா உறுப்பு வளரும் எண்டு ஒரு விளம்பரம் அந்தக் குடும்பத்தின்ர கண்ணில பட்டிருக்கு. கனடாவில இருக்கிற சித்தப்பா காசு அனுப்பத் தயாராம். ஆனபடியா நான் சொல்லப்போற மறுமொழி வகுப்பறையோட நிக்காது.


மருத்துவபீடம் வவுனியா எழுதியது:

மிஸ், சுருக்கமாக: ஒரு மனிதக் கலத்திலுள்ள டிஎன்ஏயை நீட்டினால் கிட்டத்தட்ட 2 மீற்றர் வரும். அது அடங்கியிருக்கும் கலக்கருவின் விட்டம் 10 மைக்ரோமீற்றர் அளவுதான். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற ஹிஸ்ரோன் புரதங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டாக எட்டுச் சேர்ந்த திரளைச் சுற்றி 147 மூலச்சோடி நீளமான டிஎன்ஏ சுற்றியிருக்கும். அதுதான் நியூக்கிளியோசோம். ஹிஸ்ரோனின் வாற்பகுதியில் உள்ள லைசின் என்ற அமினோவமிலத்துக்கு அசற்றைல் கூட்டம் சேர்ந்தால் அதன் நேரேற்றம் போய்விடும், மறையேற்றமுள்ள டிஎன்ஏயுடனான பிடி தளரும், பரம்பரையலகு இயங்கும். மெதைல் சேர்ந்தால் மூடும். சேர்க்கவும் அகற்றவும் தனித்தனி நொதியங்கள் உண்டு. குருத்துக்கலத்தின் விதியைத் தீர்மானிப்பவை இவைதான். உயர்தரத்துக்கு இவ்வளவும் காணும்.


வட்டக்கச்சியாள் எழுதியது:

மிஸ், நான் வட்டக்கச்சி. இப்போது இருப்பது வெளிநாட்டில், என்பு மச்சையிலுள்ள இரத்தக் குருத்துக்கலங்களில் வேலை செய்யும் ஓர் ஆய்வுகூடத்தில். அந்தப் பிள்ளை இரண்டாவதாகக் கேட்டாவே, அதுதான் இந்தத் துறையின் நடுக் கேள்வி. அதைத் தானாக யோசித்துக் கேட்ட ஒரு பிள்ளைக்கு அரைகுறையாக மறுமொழி சொல்ல மனம் வரவில்லை. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் தம்பி எழுதியதில் ஒரு திருத்தம். மெதைல் என்றாலே மூடும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். எந்த லைசினில் மெதைல் சேர்ந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எச்3இன் 4ஆவது லைசினில் மூன்று மெதைல் இருந்தால் அது பெரும்பாலும் இயங்கும் பரம்பரையலகின் தொடக்கப்பகுதி. அதே எச்3இன் 27ஆவது லைசினில் மூன்று மெதைல் இருந்தால் அது அடக்கப்பட்ட இடம். மெதைல் சேர்வதால் லைசினின் ஏற்றம் மாறுவதில்லை. அந்தந்த மெதைலை அடையாளங்கண்டு வந்து ஒட்டும் வேறு புரதங்கள்தான் அங்கே நடப்பதை மாற்றுகின்றன.

இனி "ஆர் நிப்பாட்டினது". இந்த ஆராய்ச்சியும் ஒரு காலில் இருந்துதான் தொடங்கியது. ஆண் பழ ஈக்கு முதற்சோடிக் கால்களில் மட்டும் ஒரு முள்வரிசை இருக்கும். 1940களில் ஒரு விகார ஈயில் அந்த முள்வரிசை இரண்டாம், மூன்றாம் சோடிக் கால்களிலும் வந்திருந்தது. அதை 1947இல் பமெலா லூயிஸ் பதிவு செய்தார், பொலிகோம் என்று பெயர் வந்தது. அவருடைய கணவர் எட்வேட் லூயிஸ், உடலின் எந்தத் துண்டு என்னவாக வேண்டும் என்று குறிக்கும் ஹொக்ஸ் பரம்பரையலகுகளை வேண்டாத இடங்களில் அடக்கி வைப்பதுதான் பொலிகோமின் வேலை என்று 1978இல் எழுதினார். 1995இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு விசயம். ஈயின் முளையத்தில் இந்தத் துண்டு இன்னதாகட்டும் என்று முதன்முதலில் குறித்துவிடுவது பொலிகோம் இல்லை. அதைச் செய்வது டிஎன்ஏயின் குறித்த வரிசைகளில் போய் ஒட்டி, பரம்பரையலகுகளை இயக்கும் அல்லது நிறுத்தும் பிரதியெடுத்தல் காரணிகள் என்ற புரதங்கள். அவை சில மணித்தியாலங்களில் மறைந்துவிடும். குறித்தவை போன பிறகும் குறித்தது அந்த ஈ சாகும்வரை நிற்கிறது. அப்படி நிறுத்தி வைப்பது அடக்கும் பக்கத்தில் பொலிகோம் கூட்டம், இயங்கும் பக்கத்தில் டிரைதொராக்ஸ் கூட்டம். மனிதரிலும் இதே இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஆக, நிறுத்தத் தொடங்கியது ஒன்று, நிறுத்தினதைப் பிடித்து வைத்திருப்பது இன்னொன்று. அவ இரண்டையும் பிரித்துத்தான் கேட்டிருக்கிறா.

"கலம் பிரியேக்கயும் எப்பிடி நிக்குது" என்பதற்கு இன்று நல்ல விடை இருக்கிறது. பொலிகோம் கூட்டத்தில் பி.ஆர்.சி.2 என்ற ஒரு புரதத்தொகுதி உண்டு. அதன் நொதியம் ஈ.இசட்.எச்.2. 27ஆவது லைசினில் மெதைல் சேர்ப்பது அதுதான் என்று 2002இல் தெரியவந்தது. அதே தொகுதியில் ஈ.ஈ.டி. என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. ஏற்கெனவே மூன்று மெதைல் சேர்ந்த 27ஆவது லைசினைக் கண்டால் ஈ.ஈ.டி. அதில் ஒட்டும். ஒட்டியதும் பக்கத்தில் இருக்கும் ஈ.இசட்.எச்.2இன் வேகம் கூடும். இப்போது கலம் பிரிவதற்காக டிஎன்ஏ இரட்டிக்கிறது என்று வையுங்கோ. பழைய ஹிஸ்ரோன்கள் இரண்டு மகள் டிஎன்ஏக்களுக்கும் பங்காகப் போகும், இடைவெளிகளை மெதைல் இல்லாத புதிய ஹிஸ்ரோன்கள் நிரப்பும். பழையதில் ஈ.ஈ.டி. ஒட்ட, பக்கத்துப் புதியதுக்கு ஈ.இசட்.எச்.2 மெதைல் சேர்க்கும். அடையாளம் திரும்ப நிரம்பிவிடும்.

டிஎன்ஏயிலேயே நேரடியாகச் சேரும் மெதைலுக்கும் இப்படியொரு வழி உண்டு. இரட்டித்த உடனே பழைய இழையில் மெதைல் இருக்கும், புதிய இழையில் இராது. இந்த அரைகுறை நிலையை யு.எச்.ஆர்.எஃப்.1 என்ற புரதம் கண்டுபிடித்து டி.என்.எம்.ரி.1 என்ற நொதியத்தைக் கூட்டிவரும், அது புதிய இழைக்கும் மெதைல் சேர்க்கும். அந்தப் பிள்ளையின் அப்பாவின் தோல் இத்தனை வருசத்தில் எத்தனையோ தரம் புதுப்பித்திருக்கும். ஒவ்வொரு தரமும் தோலாகவே வந்ததற்கு இந்த வேலை ஒரு பெரிய காரணம்.


வட்டக்கச்சியாள் தொடர்ந்து எழுதியது:

மேலே எழுதியது நீண்டுவிட்டதால் "தீர்மானிப்பதா, காப்பதா" என்பதைத் தனியாக எழுதுகிறேன். இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது: எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தள்ளுவது பிரதியெடுத்தல் காரணிகளும் வெளியிலிருந்து வரும் சைகைகளும். அந்தத் தள்ளல் பலிக்குமா இல்லையா என்பது குரோமற்றின் அப்போது இருக்கும் நிலையில் தங்கியிருக்கிறது. குரோமற்றின் புரதங்கள் தாமாக ஒரு விதியைத் தெரிவதில்லை. ஆனால் அவை கெட்டால் தெரிவு மாறிவிடும். அதனால்தான் நீங்கள் வாசித்த இரண்டு வசனமும் உலாவுகின்றன.

1987இல் மையோடி என்ற ஒரேயொரு காரணியைத் தொடுப்பிழையக் கலத்துக்குள் செலுத்தியபோது அது தசைக்கலமானது. அதைப் பார்த்தால் காரணிதான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் அதே மையோடியை மனித முளையக் குருத்துக்கலத்துக்குள் விட்டால் இலேசில் தசை வராது. பி.ஏ.எஃப்.60சி என்ற புரதத்தையும் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் வழிக்கு வருகிறது. அது ஏ.ரி.பி.யைச் செலவழித்து நியூக்கிளியோசோம்களைத் தள்ளி நகர்த்தும் ஒரு பெரிய தொகுதியின் ஓர் உறுப்பு. கட்டளை ஒன்று, கலத்தைப் பொறுத்து விளைவு இரண்டு. பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையை மட்டும் விளங்கப்படுத்தினாலே போதும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தொகுதியே கலத்தோடு சேர்ந்து மாறுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நரம்புக் குருத்துக்கலம் பிரிந்துகொண்டிருக்கும்வரை தொகுதிக்குள் பி.ஏ.எஃப்.53ஏ இருக்கும். பிரிவதை நிறுத்தி நரம்புக்கலமாகும்போது அது வெளியே போய் 53பி உள்ளே வரும். ஏ-யை வெளியேற்றுவது இரண்டு குட்டி ஆர்என்ஏக்கள், மிர்-9*, மிர்-124. 2011இல் இந்தக் குட்டி ஆர்என்ஏக்களை மனிதத் தோலின் தொடுப்பிழையக் கலத்தில் உண்டாக்கியபோது அதன் ஒரு பகுதி நரம்புக்கலம் போல மாறத் தொடங்கியது. அப்படியென்றால் குரோமற்றின் தொகுதி சும்மா காவலுக்கு நிற்பதில்லை, வழிமாற்றும் வேலையிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

முளையக் குருத்துக்கலங்களில் 2006இல் இன்னொன்றைக் கண்டார்கள். வளர்ச்சிக்குத் தேவையான பல பரம்பரையலகுகளின் தொடக்கத்தில் 4ஆவது லைசின் மெதைலும் 27ஆவது லைசின் மெதைலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இயங்கவும் இல்லை, நிரந்தரமாக அடங்கவும் இல்லை. கலம் ஒரு வழியில் இறங்கியதும் தேவையானவற்றில் ஒரு அடையாளம் மிஞ்சும், தேவையற்றவற்றில் மற்றது மிஞ்சும்.

நான் நாளாந்தம் பார்ப்பது இரத்தம். எலியின் இரத்தக் குருத்துக்கலத்தில் டிஎன்ஏக்குப் புதிதாக மெதைல் சேர்க்கும் டி.என்.எம்.ரி.3ஏ என்ற நொதியத்தை 2012இல் இல்லாமற் செய்து பார்த்தார்கள். குருத்துக்கலங்கள் இறக்கவில்லை. தம்மைப் போன்ற கலங்களைப் பெருக்கிக்கொண்டே போயின, குருதிக்குழியங்களாக மாறுவது குறைந்துகொண்டே போனது. குருத்துக்கலமாக இருக்கச் செய்யும் பரம்பரையலகுகளை அவற்றால் நிறுத்த முடியவில்லை. மனிதரிலும் இது நடக்கிறது. வயது 70ஐத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, ஒரே விகாரக் கலத்தின் சந்ததி இரத்தத்தில் பெருகியிருப்பது 2014இல் தெரியவந்தது. அந்த விகாரங்கள் மிக அதிகமாக இருக்கும் மூன்று பரம்பரையலகுகள் டி.என்.எம்.ரி.3ஏ, ரெட்2, ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1. மூன்றுமே டிஎன்ஏயின் மெதைலோடு அல்லது குரோமற்றினோடு சம்பந்தப்பட்டவை. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு அது இரத்தப் புற்றுநோய்க்கு முதற்படி.


மல்லாவித் தாதி எழுதியது:

அக்கா, இடையில ஒரு கேள்வி, குறை நினைக்காதேங்கோ. எங்கட பக்கத்தில தலையில ஷெல் துண்டு பட்டு வலிப்பு வாற ஆக்கள் கன பேர். அவையில சிலர் வல்புரோயேற் எடுக்கினம். அது ஹிஸ்ரோனில வேலை செய்யிற மருந்து எண்டு ஒரு வகுப்பில சொன்னவை. இளம் பெண்பிள்ளைகளுக்கு அதைக் குடுக்கேக்க கவனம் எண்டதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கோ?


வட்டக்கச்சியாள் எழுதியது:

குறை நினைக்க என்ன இருக்கு தங்கச்சி, நல்ல கேள்வி. தொடர்பு இருக்கிறது. ஹிஸ்ரோனில் இருந்து அசற்றைலை அகற்றும் நொதியங்களை வல்புரோயேற் தடுக்கிறது என்று 2001இல் கண்டார்கள். முளையத்தில் ஒவ்வொரு கலமும் எதை நிறுத்துவது, எதை இயங்க விடுவது என்று மாறிக்கொண்டிருக்கும் வாரங்களில் அந்த நொதியங்களைத் தடுத்தால் பாதிப்பு வரும். கர்ப்பகாலத்தில் வல்புரோயேற் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக்குறை வருகிறது, முள்ளந்தண்டு சரியாக மூடாமற் போவதும் அதில் ஒன்று. விளைவு முழுவதையும் ஹிஸ்ரோன் மேல் போட முடியாது, ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். இதே வல்புரோயேற்றை 2008இல் ஆய்வுகூடத்தில் சேர்த்தபோது, சாதாரண கலத்தைக் குருத்துக்கல நிலைக்குத் திருப்புவது பல மடங்கு இலகுவானது.

இதை வாசித்துவிட்டு யாரும் மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்று உங்கட ஆக்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு உயிரையே எடுக்கலாம். பிள்ளை பெற யோசிக்கிற பெண்கள் கர்ப்பத்துக்கு முன்னமே கிளினிக்கில் கதைத்து மருந்தை மாற்ற வேணும்.


விசுவமடு ரீச்சர் எழுதியது:

அக்கா, மையோடிச் சோதனையை அப்படியே கரும்பலகையில போடப்போறன். ஆனா அவ முதல் கேட்ட கேள்வி இன்னும் கிடக்கு. பல்லிக்கு ஏலுமெண்டா எங்களுக்கு ஏன் ஏலாது?


வட்டக்கச்சியாள் எழுதியது:

ஓம், அதுக்கு வாறன். முதலில் பல்லியே முழுதாகச் செய்வதில்லை என்று சொல்லுங்கோ. திரும்ப வளர்ந்த வாலில் முள்ளெலும்புகள் இல்லை, நீளத்துக்கு ஒரு கசியிழையக் குழாய்தான் இருக்கும். பல்லிக்குக் கால் போனால் கால் வராது. காலை எலும்பு, தசை, விரல் எல்லாத்தோடும் திரும்பச் செய்வது மெக்சிக்கோவின் அக்சோலோட்டில் போன்ற வாலுள்ள ஈரூடகவாழிகள்.

அதிலே 2009இல் வந்த ஓர் ஆய்வு பலருடைய எண்ணத்தை மாற்றியது. வெட்டிய இடத்தில் திரளும் கலங்கள் எல்லாவற்றையும் மறந்து எதுவாகவும் மாறக்கூடிய நிலைக்குப் போகின்றன என்றுதான் அதுவரை நினைத்தார்கள். ஒவ்வொரு இழையத்தின் கலத்தையும் ஒளிரச் செய்து பின்தொடர்ந்து பார்த்தபோது தசையில் இருந்து வந்தது தசையைத்தான் செய்தது, கசியிழையத்தைச் செய்யவில்லை. காலைத் திரும்பச் செய்யும் விலங்கில்கூடக் கலங்கள் தாம் யார் என்பதை மறப்பதில்லை. ஆகவே "நினைவை அழித்தால் கால் வரும்" என்பது தவறு. வேண்டியது, முளையத்தில் காலுக்கு வடிவம் கொடுத்த குறித்த சில பரம்பரையலகுகளைத் திரும்ப இயக்கக்கூடிய நிலை.

அந்த நிலை வயதோடு போய்விடும் என்பதைத் தவளையில் பார்க்கலாம். ஆபிரிக்க நகத் தவளையின் வாற்பேத்தையில் முளைத்து வரும் காலை வெட்டினால் முழுக் கால் திரும்ப வரும். உருமாறித் தவளையான பிறகு வெட்டினால் கிளையில்லாத ஒரு கசியிழைய முள்தான் வரும். விரல்களின் ஒழுங்குக்குத் தேவையான சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற பரம்பரையலகு அங்கே இயங்குவதில்லை. அதைக் காலில் இயக்கும் டிஎன்ஏத் துண்டைப் பார்த்தார்கள். வாற்பேத்தையில் மெதைல் குறைவு, தவளையில் மெதைல் நிறைய. 2007இல் வந்த ஆய்வு இது. "ஆர் நிப்பாட்டினது" என்பதற்குக் காலிலேயே கிடைத்த ஒரு தடயம் என்று அவவுக்குச் சொல்லுங்கோ. வரிக்குதிரை மீனின் செட்டை திரும்ப வளர, 27ஆவது லைசினின் மெதைலை அகற்றும் ஒரு நொதியம் வேணும் என்பது 2009இல் வந்தது.

எங்களிலும் சிறிதளவு மிச்சம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு விரல் நுனி போனால், நகத்தின் அடிப்பகுதி தப்பியிருந்தால், நுனி திரும்ப வளர்வதுண்டு. அதற்கு மேல் போனால் வடு மூடிவிடும். குரோமற்றின் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நரம்பு வேண்டும், குருதிக்கலங்கள் வேண்டும். அக்சோலோட்டிலில் பெருந்தின்கலங்களை (நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகை) அகற்றிப் பார்த்தால் அதற்கும் கால் வருவதில்லை, வடுதான் வருகிறது. 2022இல் வளர்ந்த தவளையின் வெட்டிய காலில் ஐந்து மருந்துகளை 24 மணித்தியாலம் மட்டும் வைத்து, 18 மாதம் பார்த்தார்கள். எலும்பும் நரம்பும் உள்ள ஒரு கால் நீண்டு வளர்ந்தது, ஆனால் பூரணமானது இல்லை. இன்றைக்கு மனிதருக்கு மிக அண்மையாக வந்திருக்கும் இடம் அவ்வளவுதான்.


புதுக்குடியிருப்பு ஆறுமுகத்தார் பேரன் எழுதியது:

நானும் ஒரு கால் இல்லாதவன், அதனால் எழுதுறன். அந்த ஊசி விளம்பரம் எனக்கும் வந்தது. ரீச்சர், அந்தப் பிள்ளையின்ர அப்பாவிட்ட ஒன்று கேளுங்கோ: இப்ப போட்டிருக்கிற பொய்க்கால் எப்ப செய்தது? வயது போகப்போக மிச்சக்கால் மெலியும், அது பொருந்துற பொய்க்கால் கிண்ணம் தளரும். மாரியில வயலுக்க இறங்கினா சேறு உள்ளுக்க போய்ப் புண் வரும், புண் ஆற விடாமல் நடந்தா திரும்பவும் மேல வெட்டுற நிலை வரும். கிண்ணத்தை மாற்றி, முழங்காலுக்குப் பாரம் வராமல் நல்லதாய் ஒன்று செய்தால் அவர் அடுத்த போகத்துக்குத் தானே வரம்பில நடப்பார். சித்தப்பாவின்ர காசு அதுக்குப் போகட்டும்.


வட்டக்கச்சியாள் எழுதியது:

அண்ணா எழுதினதை நான் இரண்டு கையாலும் ஆமோதிக்கிறேன். காலையோ கையையோ திரும்ப வளர்க்கும் அங்கீகரிக்கப்பட்ட குருத்துக்கலச் சிகிச்சை உலகத்தில் எங்கேயும் இல்லை. ஊசி வழியாக உள்ளே போகும் கலங்களுக்கு இந்த இடத்தில் கால் செய் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. சித்தப்பாவோடு நான் தொலைபேசியில் கதைக்க வேணுமென்றாலும் கதைக்கிறேன், ரீச்சர் எனக்குத் தனிமடல் போடுங்கோ.

ஆனால் இந்த அறிவு ஒருவருக்கும் உதவவில்லை என்று பிள்ளை நினைக்கக்கூடாது. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவைச் சொல்லுங்கோ, அதைப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். கருப்பையில் வளரும் சிசுவுக்குரிய ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அடக்குவது பி.சி.எல்.11ஏ என்ற காரணி. அது நியூ.ஆர்.டி. என்ற தொகுதியைக் கூட்டிவந்து அந்த இடத்துக் குரோமற்றினை அடக்குகிறது. நோயாளியின் சொந்த இரத்தக் குருத்துக்கலங்களை எடுத்து, செங்குழியத்தில் பி.சி.எல்.11ஏயை இயக்கும் துண்டை மட்டும் வெட்டித் திரும்ப ஏற்றினால் அந்தச் சிசுப் பருவ ஹீமோகுளோபின் மறுபடி வருகிறது. இந்தச் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்தது. அமெரிக்காவில் 2023இல் அறிவித்த விலை 22 இலட்சம் டொலர். எங்கட சனத்துக்கு எட்டாத விலை, அது எனக்கு நெஞ்சை அரிக்கிற விசயம். ஆனாலும் நிறுத்தினது எது என்று ஒருவர் கேட்டுத் தேடிப்போனதால் வந்த சிகிச்சை அது.


விசுவமடு ரீச்சர் எழுதியது:

இன்றைக்கு வகுப்பில எல்லாத்தையும் சொன்னன். அப்பாவோடும் கதைச்சன், அவர் பொய்க்காலைத் திருத்திறதுக்கு ஓம் எண்டிட்டார். பிள்ளை கடைசியா ஒண்டு கேட்டவ, எனக்கு விடை தெரியாது, அவ சொன்னபடியே போடுறன்: "ஈ.இசட்.எச்.2தான் பூட்டி வைச்சிருக்கெண்டா, அதைத் தடுக்கிற மருந்தைக் காலின்ர முனையில போட்டா என்ன நடக்கும்?" உவமை வேண்டாமெண்டு சொல்லியும் பூட்டு வந்திட்டுது.


வட்டக்கச்சியாள் எழுதியது:

அப்படி ஒரு மருந்து இருக்கிறது. தசமெற்றோஸ்ராற் என்று பெயர். 2020இல் அமெரிக்காவில் இரண்டு விதமான புற்றுநோய்களுக்கு அனுமதி கிடைத்தது. அதைக் காலின் முனையில் போட்டால் என்ன ஆகும் என்பதை இதுவரை எழுதியதை வைத்தே அவவால் ஊகிக்க முடியும், ஊகிக்கச் சொல்லிப் பாருங்கோ. நான் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

அடக்கியதை நீக்குவதால் மட்டும் கட்டளை வந்துவிடாது. 27ஆவது லைசினின் மெதைல் குறையும், அங்கும் இங்குமாகப் பல பரம்பரையலகுகள் தளரும். ஆனால் முளையத்தில் காலை வகுத்த காரணிகளும் சைகைகளும் அந்த இடத்தில் இப்போது இல்லை, ஆகவே கால் வராது. அதோடு, காயத்தைத் திருத்தும் தசைக் குருத்துக்கலங்களுக்கே ஈ.இசட்.எச்.2 வேண்டும். எலியின் தசைக் குருத்துக்கலத்தில் அதை நீக்கியபோது கலங்கள் சரியாகப் பெருகவில்லை, காயப்பட்ட தசை வழமையைவிட மோசமாகவே திருந்தியது.

பெரிதாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சாதாரண கலத்தைக் குருத்துக்கல நிலைக்குத் திருப்பும் என்று 2006இல் யமனக்கா கண்டுபிடித்த நான்கு காரணிகளை 2013இல் உயிருள்ள எலியின் உடம்பு முழுக்க இயக்கிப் பார்த்தார்கள். பல உறுப்புகளில் பல இழையங்கள் கலந்த கட்டிகள் வந்தன. அடுத்த வருடம் அதை அரைவழியில் நிறுத்திப் பார்த்தார்கள். சிறுநீரகத்தில், சிறு பிள்ளைகளுக்கு வரும் ஒரு புற்றுநோயை ஒத்த கட்டிகள் வந்தன, அவற்றில் மாறியிருந்தது பெரும்பாலும் டிஎன்ஏயின் மெதைல் ஒழுங்குதான். தசமெற்றோஸ்ராற்றின் எச்சரிக்கைத் தாளிலும் இரண்டாவதாக ஒரு இரத்தப் புற்றுநோய் வரலாம் என்று எழுதியிருக்கிறது.

அவவிடம் இன்னொன்றும் கேளுங்கோ, பல்கலைக்கழகத்தில் என்ன படிக்க யோசனை என்று. எங்கட பக்கத்தில் உயிரியலில் நல்ல பெறுபேறு வந்தால் மருத்துவம் என்று மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலும் உயிர்த்தொழினுட்பமும் இருக்கிறது, கொழும்பில் உயிர்இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பும் நேரம் வந்தால் நான் உதவி செய்கிறேன்.